பட்டைக்கும் பட்டுக்கும் பட்டுப்போன சோலை

காஞ்சிப் பட்டின் கரையிலே பறவைகளுக்குப் பஞ்சம் இல்லை. மயில் ஆடும், அன்னம் நடக்கும், இருதலைப் பட்சி இருபுறமும் அலகு நீட்டும். பறவையின் கண்ணை மட்டும் எடுத்துப் புள்ளியாக்கி, மயில்கண் என்றும் குயில்கண் என்றும் பெயர் சூட்டி, இழையிலே கோத்துத் தருவார் நம் நெசவாளத் தோழர். பாலையும் நீரையும் பிரித்துப் பருகும் அன்னத்தை அவரும் கண்டதில்லை. அவருடைய பாட்டனாரும் கண்டதில்லை. காணாத பறவைக்கே கரையில் இடம் கொடுத்த கைகள் அவை!

ஆனால், தோழர்களே, கண்ணாலே காணக்கூடிய பறவை ஒன்று உண்டு. தமிழ்நாட்டு மலைமுகட்டிலே வாழ்வது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. தமிழ்ச் சொல்லைத் தன் பெயரிலே தாங்கி நிற்பது. விடியலிலும் அந்தியிலும், மஞ்சு மூடிய மரநிழலிலிருந்து சீழ்க்கையடித்துப் பாடுவது. அதற்குப் பெயர் சோலைக்கிளி.

ஞாயிற்றுக்கிழமையிலே அரசியல் பேச வேண்டிய இடத்தில் பறவைக் கதையா என்று கேட்பீர்கள். பட்டுத் தறியும் பாலாறும் பக்கத்திலே இருக்க, மலையுச்சிக் குருவியைப் பற்றி நமக்கென்ன என்றும் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பறவைக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அது பட்டின் வழியாக வந்த தொடர்பு. திருத்திச் சொல்கிறேன், பட்டல்லாத பட்டின் வழியாக வந்த தொடர்பு. அதைப் பேசுவது அரசியல்தான். யாருக்குச் சொந்தமான வளம், யாருடைய இலாபத்துக்காக, எவருடைய வாழ்வைப் பலிகொடுத்து எடுக்கப்பட்டது என்று கேட்பதற்கு அரசியல் என்றல்லாமல் வேறென்ன பெயர்?

முதலில் பறவையைப் பார்ப்போம்.

கிளி என்றதும் பச்சைச் சிறகும் வளைந்த செவ்வலகும் நினைவுக்கு வரும். இது அந்தக் கிளி அன்று. மலையாளத்திலே கிளி என்ற சொல்லுக்குப் பறவை எனும் பொதுப்பொருள் உண்டு. சோலையிலே வாழும் பறவை, ஆகவே சோலைக்கிளி. ஏறத்தாழச் சிட்டுக்குருவியின் அளவு, நீண்ட கால்கள், குட்டையான வால், மேனியெல்லாம் கருநீலம். நீலகிரியிலே வாழ்வதற்கு விலாப்புறம் செம்பழுப்பு; கொடைக்கானல் மலையிலே வாழ்வதற்கு வயிறு வெண்மை. உச்சிக் கிளையிலே நின்று ஊரைக் கூட்டும் பறவை அன்று இது. தரையை ஒட்டி, சருகு மூடிய ஈரமண்ணிலே தாவித் தாவிப் பூச்சி பிடிக்கும். மரப்பொந்திலோ மண்கரையின் இடுக்கிலோ பாசி கொண்டு கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டே முட்டை. ஆரவாரமில்லாத குடும்பம்.

அதன் வீடு சோலை. சோலை என்றால் பூங்கா அன்று, மாந்தோப்பும் அன்று. ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்திலே, மலைமடிப்புகளிலே, நீர் ஓடும் பள்ளங்களிலே, குட்டை மரங்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்று, கிளையெல்லாம் பாசி படர்ந்து, மிதந்து வரும் மஞ்சைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு ஊட்டும் காடு. பள்ளத்திலே சோலை, அதைச் சூழ்ந்த மேடெல்லாம் புல்வெளி. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த மலை.

காஞ்சித் தோழருக்கு இதை விளக்க ஒரு சொல் போதும்: கோர்வை! சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. நெய்பவரும் துணையாளும் அடுத்தடுத்து அமர்ந்து, ஊடைக்கு ஊடை இழையோடு இழையைக் கொக்கிபோட்டு நெய்தால் உடலும் கரையும் ஒன்றாகிவிடும். உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமையோடு சொல்வோமே, அந்தக் கோர்வை! சோலையும் புல்வெளியும் மலை தானே நெய்துகொண்ட கோர்வை. புல்வெளி மழையை வாங்கி மெல்ல உள்ளே விடும். சோலை அதைத் தேக்கி வைத்துக் கோடையிலே கசியவிடும். பவானியிலே ஆண்டு முழுதும் நீர் பார்த்த காலம் இருந்தது என்றால், அந்தக் கோர்வையின் உறுதியால் இருந்தது.

இந்த உயரக் காடுகள் தொடர்ச்சியாக இல்லை. ஒவ்வொரு மலைமுகடும் ஒரு தீவு. கடலுக்குப் பதில் சுற்றிலும் வெப்பமான தாழ்நிலம். வானத்தீவுகள் என்றே ஆய்வாளர்கள் இவற்றை அழைக்கின்றனர். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். அதை நம்முடைய புகைவண்டி கடக்கிறது; சரக்கு வண்டி கடக்கிறது; சோலைக்கிளி கடப்பதில்லை. வெப்ப நிலத்திலே அதற்குப் பிழைப்பில்லை. ஆகவே கணவாய்க்கு வடக்கே ஓர் இனம். தெற்கே ஆனைமலை, பழனிமலைகளிலே வேறோர் இனம். செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலைப் பகுதியிலே மூன்றாவது இனம். ஒரே குடும்பம், பல இலட்சம் ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்து, மூன்றாகிவிட்டது.

நம் ஊருக்கு அருகே வேடந்தாங்கல் இருக்கிறது. நீர்ப்பறவைகள் ஆண்டுதோறும் வந்து, ஏரி மரங்களிலே குஞ்சு பொரித்து, வறட்சி வந்தால் பறந்துபோய், மழை வந்தால் மீண்டும் வரும். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்று உணர்ந்த உழவர்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, கும்பெனி ஆட்சியின் கலெக்டரிடம் முறையிட்டு, அங்கே பறவையைச் சுடக்கூடாது என்று எழுத்து வாங்கினார்கள். படித்த பட்டணத்தான் சொல்லிக் கொடுத்த பாடம் அன்று அது. மண்வெட்டி பிடித்தவன் தானே கண்ட ஞானம்! அந்தப் பரம்பரையிலே வந்தவர்கள் நாம்.

ஆனால் வேடந்தாங்கல் பறவைக்கும் சோலைக்கிளிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஏரி வற்றினால் நாரை வேறு ஏரி தேடும். சோலை அழிந்தால் சோலைக்கிளி எங்கே போகும்? அடுத்த மலைக்கு வழியில்லை. கீழே வெப்பம். மேலே ஏறலாம் என்றால், முகட்டுக்கு மேலே வானம்தான் இருக்கிறது. சிறகிருந்தும் போக்கிடம் இல்லாத பறவை! உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீலகிரி இனத்தை அழியும் ஆபத்திலுள்ள பட்டியலிலும், வெள்ளை வயிற்று இனத்தை அழியக்கூடிய நிலையிலுள்ள பட்டியலிலும் சேர்த்திருக்கிறது.

இப்போது பெயர்க்கதைக்கு வருகிறேன். தமிழ்ப் பற்றுள்ள தோழர்கள் தலைநிமிரத்தக்க கதை அது. தலைநிமிர்ந்த பிறகு சற்றே தலைகுனியவும் வேண்டிய கதை.

சென்னை மாகாணப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன் என்ற ஆங்கிலேயர், நீலகிரிப் பறவையை அறிவியல் உலகுக்கு எழுதிக் காட்டினார். 1868-இல், நிலவியல் அறிஞர் பிளான்ஃபோர்டு, பழனிமலைப் பறவையைப் பற்றி எழுதினார். அதன் பின் ஒன்றரை நூற்றாண்டு, இந்தப் பறவையை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று அறிஞர்கள் அங்கும் இங்கும் அலைந்தனர். ஐரோப்பாவின் ராபினுக்கு உறவென்றனர் சிலர். இமயத்துக் குட்டைச் சிறகுப் பறவைகளுக்குத் தம்பியென்றனர் சிலர். வந்தவர் தத்தம் ஊர்ச் சாயலைக் கண்டார்களே தவிர, மண்ணின் மைந்தனை மண்ணின் மைந்தனாகக் காணவில்லை.

2017-இல் வி. வி. ராபின் முதலான ஆய்வாளர்கள் மரபணுவை ஆராய்ந்து உண்மையை வெளியிட்டனர். இந்தப் பறவை எவருடைய கிளையும் அன்று; தென்னாட்டு மலையிலேயே தனித்துத் தழைத்த தனிக்குடும்பம். புதிய பேரினம் ஒன்றை வகுத்து அவர்கள் இட்ட பெயர் சோலிகோலா: சோலையில் வாழ்வது. சோலை என்பது நம் சொல். கோலா என்பது இலத்தீன். அகத்தியமலைப் பறவை தனி இனம் என்பதும் அப்போதுதான் அறிவிக்கப்பட்டது. அதே மலைகளிலே வாழும் சிரிப்பான் பறவைகளும் தனிப் பேரினம் என்று அதே ஆய்வு காட்டியது.

சோலை எனும் இரண்டெழுத்து, உலக அறிவியலின் பெயரேட்டிலே ஏறிவிட்டது. டோக்கியோவிலும் பாரிசிலும் பறவை நூல் எழுதுகிறவர் இனித் தமிழ்ச் சொல்லை எழுதித்தான் ஆகவேண்டும். மகிழ்ச்சிதானே? மகிழ்ச்சிதான். கைதட்டுங்கள்! தட்டிய பின்னர் ஒரு கேள்வி. பெயரேட்டிலே சோலை ஏறியது. மலையேட்டிலே சோலை என்ன ஆயிற்று?

கணக்கு இருக்கிறது. 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று, பழனிமலையின் 1973ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படத்தையும் 2014ஆம் ஆண்டுப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் புல்வெளியிலே 66 விழுக்காடு மறைந்துவிட்டது. சோலையிலே 31 விழுக்காடு மறைந்துவிட்டது. வணிக மரத்தோட்டம் பன்னிரண்டு மடங்கு பெருகியது. வேளாண் நிலம் மூன்று மடங்கு பெருகியது. முந்நூறு ஆண்டுப் பழங்கதையன்று இது. வெள்ளைக்காரன் போனபிறகு, நாமே வாக்களித்து நாமே ஆண்ட காலத்திலே, நம் கண்முன்னே நடந்தது.

எப்படி நடந்தது? ஒரு சொல்லால் நடந்தது. தரிசு! மரம் இல்லாத நிலம் பயனற்ற நிலம் என்பது ஆங்கிலேயன் எழுதி வைத்த இலக்கணம். புல்வெளியைப் பார்த்தான், விறகு இல்லை, பலகை இல்லை, வரி இல்லை, தரிசு என்று எழுதினான். அங்கே தோதவர் எருமை மேய்த்ததும், வரையாடு வாழ்ந்ததும், ஆறு பிறந்ததும் அவன் ஏட்டிலே பத்திக்குள் அடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு மரங்களைக் கொண்டுவந்தான். ஒன்று, மலைமக்கள் கற்பூர மரம் என்று அழைக்கும் யூகலிப்டஸ். மற்றொன்று, சீகை மரம் என்று அழைக்கும் வாட்டில். முதலிலே அவை உதகையின் குளிருக்கு விறகாயின. விடுதலைக்குப் பிறகோ ஐந்தாண்டுத் திட்டங்களின் துணையோடு மலைமலையாக நடப்பட்டன.

எதற்காக? சீகையின் பட்டையிலே துவர்ப்புச் சத்து உண்டு. தோல் பதனிட அது வேண்டும். கற்பூர மரத்தையும் சீகையின் கட்டையையும் அரைத்தால் கூழ் வரும். அந்தக் கூழிலிருந்து இழை வரும். பட்டைக்கு ஒரு மரம். பட்டுக்கு ஒரு மரம். இரண்டுக்கும் நடுவே சோலை பட்டுப்போனது!

பட்டு என்றேன். எந்தப் பட்டு? இங்கேதான் காஞ்சிபுரம் மேடைக்கு வருகிறது.

பட்டுப்பூச்சி முசுக்கொட்டை இலையைத் தின்று, வாயிலிருந்து நூல் விடுகிறது. அதை ஆலை செய்யவேண்டுமானால்? மரத்தைக் கூழாக்கு, காரத்திலே ஊறவை, கந்தகக் கரைப்பானிலே கரை, ஊசிமுனைத் துளைகள் வழியாக அமிலத் தொட்டியிலே பீய்ச்சு, பளபளக்கும் இழை தயார். விஸ்கோஸ் என்பார்கள், ரேயான் என்பார்கள், கடைத்தெருவிலே ஆர்ட் சில்க் என்பார்கள். செயற்கைப் பட்டு. நீலகிரி அடிவாரத்திலே, சிறுமுகையிலே, பவானிக் கரையிலே, 1960-களில் அப்படியோர் ஆலை எழுந்தது. நீலகிரியின் மரமும் பழனிமலையின் மரமும் அதன் வாய்க்குள் சென்றன. பவானியிலே கழிவு கலக்கிறது என்று கரையோர மக்கள் போராடினார்கள். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆலை மூடப்பட்டது. வேலை செய்தவர்கள் வீதிக்கு வந்தார்கள். மலையிலே நட்ட மரமோ மலையிலேயே நின்றது.

தோழர்களே, இந்த இழையின் இன்னொரு முனை எங்கே வந்து தொட்டது என்று எண்ணிப் பாருங்கள். குழித்தறியிலே காலை இறக்கிவைத்து, முதுகு வளைந்து, பல நாள் உழைத்து ஒரு கோர்வைச் சேலை நெய்கிறார் பிள்ளையார்பாளையத்து நெசவாளர். பக்கத்துக் கடையிலே, விசைத்தறியில் ஓடிய செயற்கை இழைச் சேலை, அதே மயில், அதே அன்னம், அதே மாங்காய், விலை மட்டும் பத்திலொன்று, பட்டு என்ற பெயரோடு தொங்குகிறது. கைத்தறிக்கென்று சில வகைகளை ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்தது. சட்டம் ஏட்டிலே, குறியீடு முத்திரையிலே, நெசவாளர் மகனோ ஒரகடத்துத் தொழிற்சாலைப் பேருந்திலே. நெசவுத் தெருவைத் தாக்கியதிலே செயற்கைப் பட்டுக்கும் பங்குண்டு. சோலையைத் தாக்கியதிலே அதே பட்டின் கூழுக்கும் பங்குண்டு. உண்மையான பொருளை நெய்பவரின் வயிற்றிலும், உண்மையான காட்டிலே வாழும் பறவையின் வயிற்றிலும் ஒரே கை அடித்திருக்கிறது. அந்தக் கைக்குப் பெயர் மலிவு.

அடுத்தது பட்டை. நம் பாலாறு சோலையிலே பிறந்த ஆறு அன்று. கருநாடகத்து நந்தி மலைப் பகுதியிலே பிறப்பது. ஆகவே சோலை அழிந்ததால் பாலாறு வற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லி வளர்க்கும் வாதம் போலிச் சரிகை போன்றது, வெளுத்துப்போகும். ஆனால் எந்தத் தொழிலின் பெயரால் சீகை மலையேறியதோ, அந்தத் தோல் தொழிலின் கழிவு வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் பாலாற்றையும் கிணறுகளையும் என்ன பாடு படுத்தியது என்பது ஊரறிந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றமே அதைத் தீர்ப்பாக எழுதியது. அப்போது ஆலைகள் பெரும்பாலும் குரோமியம் எனும் உலோக உப்புக்கு மாறியிருந்தன. அதாவது, பட்டைக்காகச் சோலையைக் கெடுத்தார்கள். பிறகு பட்டையும் தேவைப்படவில்லை என்றார்கள். மேட்டிலே பறவை வீடிழந்தது. பள்ளத்திலே உழவன் கிணறிழந்தான். இலாபம் மட்டும் எந்த ஆற்றிலும் கலக்காமல் கரையேறிவிட்டது!

இங்கே ஒரு தோழர் எழுந்து நிற்பதை நான் காண்கிறேன். “பறவையா, பாட்டாளியா? தோல் தொழிலிலே எத்தனை ஆயிரம் ஏழைகள்! தேயிலையிலே எத்தனை ஆயிரம் கூலிகள்! குருவிக்காகக் கூலியைப் பறிப்பதா?” என்று கேட்கிறார். அவரை உட்காரச் சொல்ல மாட்டேன். அவர் கேள்வி நியாயமானது. விடை சொல்லாமல் நகர்ந்தால் நான் பேசுவது பணக்காரன் பொழுதுபோக்காகிவிடும்.

1964-இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கையின் தேயிலைக் காட்டிலே தலைமுறை தலைமுறையாகக் குருதி சிந்திய தமிழரை, அவர்களைக் கேளாமலேயே இரு அரசுகளும் பங்குபோட்டன. வந்து இறங்கியவர்களுக்கு வேலை வேண்டும். 1968-இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. நீலகிரியிலே காட்டு நிலம் தேயிலை ஆயிற்று. அந்தத் தாய்மார்கள் கூடை சுமந்தது குற்றமா? அதைக் குற்றம் என்பவன் மனிதன் அல்லன். அவர்கள் முதுகிலே கூடை ஏறியபோது மலையின் மடியிலிருந்து காடு இறங்கியது. இரண்டையும் செய்தது ஒரே ஒப்பந்தம். அண்மை ஆண்டுகளில் அந்தத் தேயிலைக் கழகமே நட்டத்தில் மூழ்கி, தோட்டத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தரும் நிலை வந்தது. குடியிருந்த வீடு நிலைக்குமா என்று அந்தத் தொழிலாளர்கள் கலங்கினார்கள். பறவைக்கும் வீடில்லை, பாட்டாளிக்கும் வீடு உறுதியில்லை. ஆகவே தோழரே, ‘பறவையா, பாட்டாளியா’ என்பது நம் கேள்வி அன்று. இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, இடையிலே பையை நிரப்பிக்கொண்டவன் எழுதிக் கொடுத்த வசனம் அது. அந்த வசனத்தை நம் வாயால் பேசலாமா?

சரி, செய்ய வேண்டியது என்ன? நம்மிலே சிலருக்கு முழக்கம் எளிது. ‘அயல் மரம் ஒழிக!’ என்று கோடரி எடுத்துவிடலாம். வேண்டாம், தோழர்களே! மரம் என்ன குற்றம் செய்தது? ஆஸ்திரேலியாவிலே அதுவும் தன் மண்ணின் பிள்ளைதான். கொண்டுவந்து நட்டவன் மனிதன். அது மட்டுமன்று. சீகையின் விதை மண்ணுக்குள்ளே பல பத்தாண்டுகள் உறங்கக்கூடியது. ஒரே நாளிலே காட்டை வெட்டிச் சாய்த்தால், வெயில் பட்டதும், தீப் பட்டதும் ஆயிரமாயிரமாக முளைத்தெழும். வெட்டியவன் களைத்துப்போவான், சீகை களைக்காது.

கொடைக்கானல் மலையிலே, வட்டக்கானலிலே, நாற்றங்கால் அமைத்துச் சோலை மரங்களைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தவர்கள் வேறோர் உண்மையைக் கண்டார்கள். முதிர்ந்த சீகைத் தோட்டத்தின் நிழலிலேயே, பறவைகள் இட்ட விதையிலிருந்து, சோலை மரக்கன்றுகள் தாமாகத் தலை தூக்குகின்றன. அங்கே சீகையை ஒரேயடியாக வெட்டுவது, தொட்டிலை உடைத்துக் குழந்தையைக் காப்பது போன்றது. புல்வெளியின் விளிம்பிலே புதிதாக நுழையும் சீகைக் கன்றை உடனே பிடுங்கவேண்டும். சோலைக்குத் தாதியாக நிற்கும் முதிய சீகையைச் சிறிது சிறிதாக விலக்கவேண்டும். எங்கே பிடுங்குவது, எங்கே பொறுப்பது என்பதற்குக் கண்ணும் வேண்டும், காலமும் வேண்டும். கோர்வை கூட்டுவது போன்ற வேலை அது. அவசரக்காரன் கையிலே நாடா கொடுத்தால் கரை தனியே வந்துவிடும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அயல் மரங்களை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு, ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றியும் சூழல் மீட்பு பற்றியும் தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டிலே, மாநில விலங்காகிய வரையாட்டுக்கென்று ஒரு திட்டமும் அறிவித்தது. வரையாடு மேய்வது புல்வெளியிலே, ஆகவே புல்வெளிக்கும் அதனால் நன்மை. நல்லவை. ஆனால் ஆணை வேறு, ஆள் வேறு. வெட்டிய மரத்தைக் கூழாலைக்கு அனுப்பிய கையோடு வேலை முடிந்தது என்று கணக்கெழுதினால், நாற்பதாண்டுக் கதை மீண்டும் ஒருமுறை அரங்கேறும்.

ஆகவே கட்சித் தோழர்கள் கேட்கவேண்டிய கேள்விகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். சட்டமன்றத்திலே நம் உறுப்பினர் வழியாகவும், மலை மாவட்டங்களிலே நம் கிளைகள் வழியாகவும் கேட்போம்.

எத்தனை எக்டேரில் அயல் மரம் அகற்றப்பட்டது என்பதைச் சொல்வது போதாது. அகற்றிய இடத்திலே ஐந்தாம் ஆண்டு என்ன நிற்கிறது? புல்லா, சோலைக் கன்றா, மீண்டும் சீகையா? அந்தக் கணக்கை மக்கள் மன்றத்தில் வைக்கவேண்டும்.

நாற்றங்கால் வேலையும் களை பறிக்கும் வேலையும் யாருக்கு? பளியருக்கும் தோதவருக்கும் அதிலே முதல் உரிமை வேண்டும். தேயிலையிலே வேலையிழக்கும் குடும்பங்களுக்கும் பங்கு வேண்டும். ஒரு பருவத்து ஒப்பந்தக் கூலியாக அல்ல. பல ஆண்டு நிலைக்கும் வேலையாக வேண்டும். சோலையை மீட்க ஒரு தலைமுறை ஆகும். ஒரு தலைமுறை ஆகும் வேலை ஒரு தலைமுறைக்குச் சோறு போடுமல்லவா? பறவையையும் பாட்டாளியையும் ஒரே தறியிலே நெய்யும் வழி இதுதான்.

எஞ்சிய சோலைகளின் ஓரத்திலே விடுதியும் சாலையும் கேட்டு வருபவனுக்கு, அவன் எந்தக் கொடி பிடித்து வந்தாலும், நம் கொடியையே பிடித்து வந்தாலும், முடியாது என்று சொல்லும் முதுகெலும்பு நமக்கு உண்டா? இந்தக் கேள்வியை அரசிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை. நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காஞ்சித் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். கோடையிலே குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறீர்கள். படகு விடுகிறீர்கள்; படம் பிடிக்கிறீர்கள்; தைல மரத்து மணத்தை முகர்ந்து, ‘ஆகா, இயற்கை!’ என்கிறீர்கள். அந்த மணம் மலையின் மணம் அன்று. மலைக்கு நேர்ந்த மாற்றத்தின் மணம். வட்டக்கானல் பக்கத்திலே, எஞ்சிய சோலையின் ஓரத்திலே, விடிவதற்குள் போய் வாய்மூடி நில்லுங்கள். ஏறி இறங்கும் மெல்லிய சீழ்க்கை கேட்கும். அசலுக்கும் போலிக்கும் வேறுபாடு அறிந்த ஊர்க்காரர் நீங்கள். இழையைத் தொட்டே பட்டை அறியும் விரல்கள் உங்களுடையவை. எரித்துப் பார்த்தே நூலை அறியும் மூக்கு உங்களுடையது. பசுமையாய் இருப்பதெல்லாம் காடு அன்று. பளபளப்பதெல்லாம் பட்டு அன்று. இதை உலகுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களைவிடத் தகுதியுள்ளவர் எவர்?

மொழிக்காக மன்றம் கண்டோம், ஊர்வலம் கண்டோம், சிறையும் கண்டோம். சொல் நிலைத்தது. ஆனால் சொல் மட்டும் நிலைத்து, சொல் குறிக்கும் பொருள் மறைந்துபோனால், எஞ்சுவது அகராதி. நாளைய பள்ளிப் பிள்ளை, ‘ஐயா, சோலை என்றால் என்ன?’ என்று கேட்கும்போது, படத்தைக் காட்டி, ‘இப்படி ஒன்று இருந்தது’ என்று சொல்ல நேர்ந்தால், நாம் காத்தது தமிழா, தமிழின் நிழலா?

சோலைக்கிளி வாக்களிக்காது. மாலை போடாது. மனு எழுதாது. அதனால் எந்தக் கட்சிக்கும் அதனிடம் ஆதாயமில்லை. ஆதாயம் இல்லாத இடத்திலே நீதி செய்கிற கட்சி எதுவோ, அதுவே ஆதாயம் உள்ள இடத்திலும் நீதி செய்யும் என்று மக்கள் நம்புவார்கள். மலையிலிருக்கும் தோழர்களே, உங்கள் பகுதியிலே எந்தச் சோலை எஞ்சியிருக்கிறது, எத்தனை ஏக்கர், யார் கண் அதன்மேல் இருக்கிறது என்று எழுதுங்கள். சமவெளித் தோழர்களே, எழுதியவர் பக்கம் நில்லுங்கள். சோலை என்று எழுதத் தெரிந்த கைக்குச் சோலையைக் காக்கவும் தெரியும் என்று காட்டுவோம்!